ஜெபத்தில் பேசுவது யார்?

சமீபத்தில் நாம் ஒரு கூட்டத்தின் பொருட்டுச் சின்னமனூருக்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து, ஜனங்கள் கலைந்து, மேஜையையும் ஒலிபெருக்கியையும் வண்டியில் ஏற்றிக் கொண்டிருந்த சமயத்தில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு வாலிபத் தோழர் நம் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி நின்றார். என்னவென்று விசாரித்தோம். "ஐயா, கோடாங்கியைப் பத்தியும் சாமியாடியைப் பத்தியும் நல்லாப் பேசுனீக. எங்க வீட்டுல சாமி ஆடலை, சாமி பேசுச்சு. அதைப் பத்தியும் கொஞ்சம் எழுதுங்க ஐயா" என்றார். அவர் சொன்ன சங்கதியைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

தோழருடைய குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அக்காள் விடியற்காலத்தில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாக மலைக்குப் போய், ஏலத் தோட்டத்தில் வேலை செய்து, பொழுது சாய வீடு திரும்புகிறவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சென்ற வருஷம் இருமல் கண்டு, சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிய வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இனாமாகவே கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது, உடம்பிலும் கொஞ்சம் சதை பிடித்தது.

அந்தச் சமயத்தில் அந்த அம்மாள் போய்க் கொண்டிருந்த ஒரு ஜெப வீட்டில், 'தேவ சத்தத்தைக் கண்டுகொள்ளுவது எப்படி' என்று வாரக் கணக்கில் உபதேசம் நடந்திருக்கிறது. அதன் முடிவில் ஒரு முழு இரவு ஜெபம். மூன்று மணி சுமாருக்கு அந்த அம்மாளுக்குச் சத்தம் கேட்டது. "நீ சொஸ்தமாகி விட்டாய், இனி மாத்திரை எதற்கு" என்று சத்தம் சொல்லிற்றாம். உடனே மூப்பரிடம் சொன்னார். மூப்பர் ஒன்றும் அவசரப்பட்டு விடவில்லை. பரீட்சை செய்தார்! சத்தம் கேட்ட போது மனதில் சமாதானம் இருந்ததா என்று கேட்டார், இருந்தது. வேத வசனத்துக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்தார், ஒத்திருந்தது. கூட ஜெபித்தவர்களுக்கும் அப்படியே உணர்த்தப்பட்டதா என்று விசாரித்தார். இரண்டு பேருக்கு உணர்த்தப்பட்டிருந்தது. ஆகவே அது தேவ சத்தமே என்று தீர்ப்பாகி, மாத்திரைப் பொட்டலம் கூரை எரவாணத்தில் செருகப்பட்டு விட்டது.

நாலு மாதம் கழித்துச் சளியில் இரத்தம் வந்தது. பாதியில் நிறுத்திய காசநோய் முன்போல வருவதில்லை. மருந்துக்குப் பழகிக் கொண்டு வருகிறது. பழைய மாத்திரை இப்போது அந்த அம்மாளிடத்தில் பலிக்கவில்லை. க. விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வேறு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

நாம் மறுநாள் அந்த அம்மாளைப் பார்த்தோம். நம்முடைய வழக்கப்படி தர்க்கம் செய்யப் போகவில்லை; நோயாளியிடம் என்ன தர்க்கம்? ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: "அம்மா, அந்தச் சத்தம் யார் பேசுகிற மாதிரி இருந்தது?" அந்த அம்மாள் சற்று யோசித்து, "எங்க அய்யா பேசுற மாதிரியே இருந்துச்சுங்க" என்றார். அவருடைய தகப்பனார் காலமாகி ஒன்பது வருஷமாகிறது.

வாசகர்கள் இந்தப் பதிலை மனதில் வைத்துக் கொண்டு மேலே படிக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் சத்தம் கேட்பது என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான சங்கதியல்ல. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் சித்திரை வெயிலில் அக்கினிச் சட்டி தூக்குகிறவனைக் கேட்டால் ஆத்தாள் கேட்டாள், எடுக்கிறேன் என்கிறான். கோடாங்கி உடுக்கை அடித்தால் செத்துப் போன பாட்டி வந்து பேசுகிறாள். சுவரில் பல்லி சொல்லுகிறது. பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்பதற்குச் சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கட்டிப் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுகிறார்கள். இதையெல்லாம் நாம் இத்தனை வருஷமாகக் கண்டித்து வருகிறோம். அப்போதெல்லாம் நம்முடைய கிறிஸ்தவ நண்பர்கள் கைதட்டிச் சந்தோஷப்படுகிறார்கள். தங்கள் சங்கதி வேறு என்பது அவர்கள் எண்ணம்.

வேறு என்று சொல்லுவதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் நியாயமும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. மேல்சாதிக்காரன் பள்ளிக்கூடத் திண்ணையில் கூட ஏறவிடாத காலத்தில், ஏழைப் பிள்ளைக்குச் சிலேட்டைக் கையில் கொடுத்தது பாதிரிகள்தான். 1834-ல் மதுரையில் ஆரம்பித்த அமெரிக்க மிஷனும் சரி, அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னமே, 1606-ல், மதுரைக்கு வந்த நொபிலியின் ஏசு சபையும் சரி, படிப்பு விஷயத்தில் செய்த வேலையை மறந்து பேசுகிறவன் நன்றி கெட்டவன். இராயப்பன்பட்டியில் பனிமய மாதா கோவில் இருக்கிறது. அனுமந்தன்பட்டியில் தூய ஆவியின் பேரில் கோவில் இருக்கிறது. ஊருக்குக் குரங்குச் சாமியின் பெயர், கோவிலுக்கு ஆவியின் பெயர்! இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி யாரும் சண்டையிட்டுக் கொள்ளாமல் காரியம் நடந்து வருகிறதே, அந்த மட்டில் நமக்குத் திருப்திதான்.

ஆனால் படித்தவர்கள் நிறைந்த மதத்தில் இந்தச் சத்தம் கேட்கிற வித்தை, கோடாங்கி வித்தையை விடத் தந்திரமாக அமைக்கப்பட்டிருக்கிறது. கோடாங்கியிடம் பரீட்சை கிடையாது. வந்தது ஆத்தாள் என்றால் ஆத்தாள்தான். கிறிஸ்தவ மதத்திலோ, மனதில் கேட்கும் சத்தம் மூன்று விதமாக இருக்கலாமென்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒன்று தேவனுடையது, ஒன்று சாத்தானுடையது, ஒன்று நம்முடைய சொந்த எண்ணம். மூன்றும் கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்குமாம். ஆகவே பிரித்துப் பார்க்கப் பழக வேண்டுமாம். இந்தப் பழக்கத்திற்குப் புஸ்தகங்கள் உண்டு, தியான நாட்கள் உண்டு, போதகர்கள் உண்டு.

கத்தோலிக்க உலகத்தில் இந்தப் பழக்கத்துக்குச் சட்டதிட்டம் எழுதியவர்களில் முக்கியமானவர் இஞ்ஞாசியார் என்கிற லொயோலா. மதுரைக்கு வந்த ஏசு சபையை 1540-ல் ஏற்படுத்தியவரும் அவரே. ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர். 1521-ல் ஒரு சண்டையில் குண்டுபட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, வீர தீரக் கதைகளை நினைத்தால் அப்போதைக்கு இன்பமாக இருந்து பிறகு மனம் வறண்டு போவதையும், அர்ச்சியசிஷ்டர்களின் கதையை நினைத்தால் பிறகும் மனம் குளிர்ந்தே இருப்பதையும் கவனித்தார். குளிர்ச்சி வந்தால் தேவன் பக்கத்து எண்ணம், வறட்சி வந்தால் சத்துரு பக்கத்து எண்ணம் என்று அதிலிருந்து வகுக்கலானார். அவர் எழுதிய தியான முறைகளை 1548-ல் போப்பாண்டவர் அங்கீகரித்தார். தன் மனதைத் தானே கவனித்துப் பார்த்த மட்டில் அவரை நாம் மெச்சவே செய்வோம். கவனித்தது சரி. ஆனால் ஒரு மனிதன் தனக்குப் பிடித்ததை நினைத்தால் மனம் குளிர்கிறது என்பதற்கு வானத்திலிருந்து சாட்சி எதற்கு?

அதே இஞ்ஞாசியார் தம்முடைய வரலாற்றைத் தாமே சொல்லி எழுத வைத்திருக்கிறார். அதில் ஒரு சங்கதி வருகிறது. வழியில் ஒரு முஸ்லிம் கூட வந்தான். மாதாவின் கன்னிமையைப் பற்றி ஏதோ சந்தேகம் சொல்லி விட்டு முன்னே போய்விட்டான். இவருக்குக் கோபம், அவனைக் குத்திக் கொல்லுவதா, விட்டு விடுவதா என்று தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெளிவு வராததால், பாதை பிரிகிற இடத்தில் தாம் ஏறி வந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர விட்டார். கழுதை அவன் போன பக்கம் போனால் குத்துவது, வேறு பக்கம் போனால் விடுவது என்று தீர்மானம். கழுதை வேறு பக்கம் போயிற்று. அந்த முஸ்லிம் பிழைத்தான்! அன்றைக்கு அந்தக் கழுதைக்குப் புல் இந்தப் பக்கம் பசுமையாய்த் தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நம்மூரில் பூக் கட்டிப் பார்க்கிற கிழவியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அந்தக் காலத்துச் சங்கதி என்று சொல்லலாம். இந்தக் காலத்துச் சங்கதியையும் பார்ப்போம். அமெரிக்காவில் டான்யா லூர்மன் என்று ஒரு பெண் பேராசிரியர், வைன்யார்ட் என்ற சபையாரோடு வருஷக் கணக்கில் கூடப் பழகி, ஜெபித்து, கவனித்து, 2012-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அந்த அம்மாள் நம்மைப் போல மதத்தைக் கண்டிக்கிற கட்சியல்ல, அனுதாபத்தோடு எழுதியவர். அவர் கண்டது என்னவென்றால், அந்தச் சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தேவன் பேசுவது கேட்பதேயில்லை. கேட்கப் பழக்குகிறார்கள். தானாக மனதில் குதித்த எண்ணமா, தேவன் சொல்லக் கூடிய மாதிரியான சங்கதியா, மனதுக்குச் சமாதானம் தருகிறதா என்று பார்க்கப் பழக்குகிறார்கள். தேவன் எதிரே உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து அவருக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றி வைக்கும்படி ஒரு போதகர் சொன்னாராம். நம்மூரில் இதற்குப் படையல் என்று பெயர். இலை போட்டுச் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு அந்த அம்மாள் பரிசோதனையும் செய்தார். சிலரைத் தினம் அரை மணி நேரம், ஒரு மாத காலம், வேதக் கதைகளைக் கண் முன்னே காட்சியாகப் பாவித்து ஜெபிக்கும்படி வைத்தார். மற்றவர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. மாத முடிவில் பாவித்து ஜெபித்தவர்களுக்கு மனக்காட்சி கூர்மையாயிற்று. இல்லாத குரல் கேட்பது, பக்கத்தில் யாரோ நிற்பது போல உணர்வது முதலியவையும் அவர்களிடத்தில் அதிகம் காணப்பட்டன. தண்டால் எடுத்தால் புஜம் தடிக்கிறது. பாவனை செய்தால் குரல் கேட்கிறது. இதில் நமக்கு அதிசயம் ஒன்றுமில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் பைத்தியக்காரர்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. நல்ல புத்தியுள்ளவர்களுக்கே கேட்கிறது.

இன்னும் ஒரு சங்கதி. மனநோயால் குரல் கேட்கிறவர்களையும் அந்த அம்மாளும் அவரோடு சேர்ந்தவர்களும் விசாரித்து 2015-ல் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 20 பேர், ஆப்பிரிக்காவில் அக்ரா நகரத்தில் 20 பேர், நம்முடைய சென்னையில் 20 பேர். அமெரிக்க நோயாளிகள் பெரும்பாலும் யாரோ முகம் தெரியாதவர்கள் அடி, வெட்டு என்று ஏவுவதாகச் சொன்னார்கள். அக்ராவில் மிகப் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பேசியது யார் தெரியுமா? தாய், தகப்பன், மாமியார், நாத்தி! குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று அதட்டுகிற குரல்கள். மூளையில் கோளாறு எங்கும் ஒன்றாயிருக்க, குரல் மாத்திரம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அவனவன் காதில் சிறு வயது முதல் ஏறிய குரல் எதுவோ அதுவே திரும்பி வருகிறது. ஏலத் தோட்டத்து அம்மாளுக்கு "எங்க அய்யா" பேசியதில் என்ன ஆச்சரியம்?

வேத புஸ்தகமே இதற்குச் சாட்சி சொல்லுகிறது. சாமுவேல் என்ற சிறுவனுடைய கதையைப் போதகர்கள் இந்த விஷயத்தில் எப்போதும் எடுத்துக் காட்டுவார்கள். இராத்திரியில் பையனைத் தேவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பையன் எழுந்து கிழட்டு ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடுகிறான். ஏலியின் குரல் என்றே நினைத்து விட்டான். இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவைதான் ஏலி, அப்பா, உன்னைக் கூப்பிடுவது தேவன் என்று சொல்லிக் கொடுக்கிறான். இதிலிருந்து பக்தர்கள் எத்தனையோ தத்துவம் எடுக்கிறார்கள். நமக்குத் தெரிவது இரண்டுதான். தேவனுடைய குரல் வீட்டிலிருக்கிற பெரியவர் குரலைப் போலவே இருந்தது என்பது ஒன்று. அது தேவனுடைய குரல் என்று முத்திரை குத்துவதற்கு ஒரு ஆசாரியன் தேவைப்பட்டான் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் இந்த வித்தை முழுவதற்கும் ஆணிவேர்.

அதே புஸ்தகத்தில், ஆகாப் என்ற அரசன் சண்டைக்குப் போகலாமா என்று 400 தீர்க்கதரிசிகளைக் கேட்கிறான். 400 பேரும் போ, ஜெயம் என்கிறார்கள். மிகாயா என்ற ஒருவர் மட்டும் போகாதே என்கிறார். அந்த 400 பேர் வாயிலும் பொய்யின் ஆவியை அனுப்பியவர் தேவனே என்றும் சொல்லுகிறார். அரசன் போனான், செத்தான். தேவனே பொய் ஆவியை அனுப்புகிறவர் என்று வேதமே சொல்லும்போது, 'மனதில் சமாதானம் இருந்ததா' என்ற பரீட்சைக்கு என்ன மதிப்பு? அந்த 400 பேருக்கும் மனதில் சமாதானமில்லாமலா இருந்திருக்கும்?

நம் பக்கத்து மலைகளே இப்படிப்பட்ட சரித்திரங்களைப் பார்த்திருக்கின்றன. வருஷநாட்டு மலைக்குக் கிழக்கே வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. அதை ஏற்படுத்தியவர் அருளப்பன் என்ற தமிழர். ரேனியஸ் பாதிரியாரிடம் பாளையங்கோட்டையில் படித்தவர். வெள்ளைக்கார மிஷனிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்காமல் சுயேச்சையாகச் சபை நடத்தியவர். அந்தச் சுயமரியாதைக்காக நாம் அவருக்குத் தலை வணங்குகிறோம். 1860-ல் அவருடைய சபையாரிடத்திலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், தெரியாத பாஷை பேசினார்கள், தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பாதிரிகளில் சிலர் இது தேவ ஆவியா என்று சந்தேகப்பட்டார்கள். சிலர் ஒப்புக் கொண்டார்கள். ஒரே ஆவியைப் பற்றி, அதே வேதத்தைப் படித்த பாதிரிகளுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம்.

மலைக்கு மேற்கே திருவாங்கூரில் இதைவிட வேடிக்கை நடந்தது. ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். ஆங்கில மிஷனில் குருப்பட்டம் பெற்றவர். மலையாளத்தில் ஞானப் பாட்டுகள் கட்டிய வித்துவான். படிக்காத பாமரர் என்று யாரும் சொல்ல முடியாது. 1870-க்குப் பிந்திய வருஷங்களில் அங்கும் எழுப்புதல் உண்டாகி, தீர்க்கதரிசனங்கள் பிறந்தன. 1881-ல் ஏசுநாதர் திரும்பி வருவார் என்று சத்தம் வந்தது. அதை நம்பி மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபையே ஏற்பட்டது. 1881 வந்தது, ஏசுநாதர் வரவில்லை. என்ன செய்தார்கள்? கேட்ட சத்தம் நம்முடைய சொந்த ஆசை என்று ஒப்புக் கொண்டார்களா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத விதத்தில் புது யுகம் பிறந்து விட்டது என்று சொல்லி, யுயோமயம் என்று ஒரு மதத்தை ஸ்தாபித்தார்கள். சத்தம் தவறவே தவறாது. தவறியது நம்முடைய கண்தான்!

ஆனால் சத்தம் கேட்டவர் ஏழையாகவோ பெண்ணாகவோ இருந்தால் இவ்வளவு தாராளம் காட்டப்படுவதில்லை. பிரெஞ்சு தேசத்தில் ஜான் என்ற குடியானவப் பெண்ணுக்கு அர்ச்சியசிஷ்டர்களின் குரல் கேட்டது. அந்தக் குரலின்படியே சண்டைக்குப் போனாள். எதிரிகளிடம் அகப்பட்டதும் மேற்றிராணியார் தலைமையில் குருமார் கூடி விசாரித்து, குரலைப் பேய்க் குரல் என்று தீர்மானித்து, 1431-ல் உயிரோடு கொளுத்தினார்கள். 25 வருஷம் கழித்து, 1456-ல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். 1920-ல் அதே பெண்ணுக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தார்கள். குரல் என்னவோ ஒன்றுதான். இன்னாருடைய குரல் என்று சொல்லும் அதிகாரம் யார் கையிலிருந்தது, அவர்களுக்கு அன்றைக்கு எது சௌகரியமாயிருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது பேயாகவும் தெய்வமாகவும் மாறிற்று.

நிற்க. நம்மை வெகு நாளாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு சங்கதியைக் கேட்டு விடுகிறோம். இந்தச் சத்தம் நமது நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு எதைச் சொல்லுகிறது? எந்த வேலைக்கு மனுப் போடலாம், எந்தப் பெண்ணைக் கட்டலாம், எந்த மனையை வாங்கலாம் என்றெல்லாம் சொல்லுகிறது. பெண்ணைக் காட்டும்போது தவறாமல் சொந்தச் சாதியிலேயே காட்டுகிறது! தேவன் நாவிதன், தோட்டி, வேளாளன், நாடார் என்று பார்த்துப் பார்த்து வரன் பேசுகிற தரகராக எப்போது ஆனார்? பக்கத்துச் சேரியில் இருக்கிற, அதே ஞானஸ்நானம் பெற்ற, அதே ஜெபம் சொல்லுகிற பையனை மாப்பிள்ளையாகச் சொன்ன தேவ சத்தத்தைப் பற்றி இதுவரை நம் காதுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலின் கதையை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் இருந்து ஒரே பூசையைப் பார்க்கும்படி, கால்சட்டைக்கு இரண்டு கால் இருப்பது போல இரண்டு கூடமாகவே கட்டி, நடுவே சுவரும் வைத்தார்கள். கட்டியவர்கள் ஏசு சபைக் குருமார். ஆவிகளைப் பிரித்தறியும் சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள். அந்தச் சுவர் எழும்பும்போது இஞ்ஞாசியார் சொன்ன குளிர்ச்சியா வந்தது, வறட்சியா வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் அதே சபையைச் சேர்ந்த காசானல் என்ற குருவானவர் 1910-ல் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். நல்ல மனிதர், துணிச்சலுள்ள காரியம். அதற்குச் சாதிக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? முழங்காலில் நின்று தேவ சித்தம் என்னவென்று கேட்டார்களா? வக்கீலைப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். மதராஸ் ஹைக்கோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றார்கள். தங்களுக்கு உண்மையில் முக்கியமென்று தோன்றிய காரியத்தில் சத்தத்தை நம்பி ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கும் இடமில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கும் நடுவே சுவர் இருந்தது ஊரறிந்தது. 2008 மார்ச்சு மாதம் எறையூரில் கிறிஸ்தவனும் கிறிஸ்தவனும் சாதிக்காகச் சண்டையிட்டு, போலீசார் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. அத்தனை ஆயிரம் ஜெபத்தில் ஒரு ஜெபத்திலாவது 'சுவரை இடி' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கக் கூடாதா? கேட்காது. ஏனென்றால் காதுக்குள் ஏற்கனவே இருப்பதுதான் ஜெபத்தில் கேட்கும், இல்லாதது கேட்காது.

கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் இதைப் படித்து விட்டு, "எங்கள் குருவானவர் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டார், டாக்டரிடம் போ என்றே சொல்லுவார், நீங்கள் ஏதோ ஒரு மூலை ஜெப வீட்டைப் பார்த்து எல்லோரையும் குற்றம் சொல்லுகிறீர்கள்" என்று எழுதக் கூடும். வாஸ்தவம். அப்படிப்பட்ட குருமார்களும் போதகர்களும் நிறைய இருக்கிறார்கள். மதுரையில் ஆஸ்பத்திரி கட்டியதும் மிஷன்காரர்கள்தான். ஆனால் நாம் கேட்பது இதுதான்: 'மாத்திரையை நிறுத்து' என்று சத்தம் வந்தால் அது தேவ சத்தமல்ல என்று உங்கள் குருவானவர் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்? சத்தத்தைக் கொண்டா? இல்லை. காசநோய் என்பது கிருமியால் வருவது, அதை 1882-ல் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் கண்டுபிடித்தார், மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிக் கொள்ளும் என்ற அறிவைக் கொண்டுதானே? அப்படியானால் சத்தத்தின் மேல் நீதிபதியாக உட்கார்ந்திருப்பது அறிவு. அந்த அறிவையே நேராகக் கேட்டு விட்டால் என்ன? நடுவில் ஒரு சத்தத்தை வரவழைத்து, அதை அறிவைக் கொண்டு பரீட்சித்து, தேறியதை தேவன் பேரில் எழுதுவதும், தேறாததைச் சாத்தான் பேரில் எழுதுவதும் எதற்காக?

இந்தப் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறதே, அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேற்கே கடலுக்குப் போய்க் கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். 1887-ல் ஆரம்பித்த வேலை 1895-ல் முடிந்தது. பென்னிகுவிக் துரையும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஜெபமும் செய்திருக்கலாம். ஆனால் மட்டப் பலகையையும் சங்கிலியையும் வைத்து அளந்துதான் சுரங்கம் வெட்டினார். வெள்ளம் வந்து அடித்துக் கொண்டு போன போதெல்லாம் கணக்கை மறுபடி போட்டார். அவருடைய சிலைக்கு இப்போது நம்மவர்கள் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்பது வேறு சங்கதி. அதைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுவோம்.

தோழருடைய அக்காளிடம் திரும்பி வருகிறோம். நோய் திரும்பி வந்தது தெரிந்ததும் அந்த ஜெப வீட்டு மூப்பர் வந்து பார்த்திருக்கிறார். பழங்கள் வாங்கி வந்திருக்கிறார், மனிதர் கெட்டவரல்ல. அவர் சொன்னது என்னவென்றால், அன்றைக்கு நீ கேட்டது தேவ சத்தமல்ல, சத்துரு வெளிச்சத்தின் தூதனைப் போல வேஷம் போட்டு வந்து ஏமாற்றி விட்டான், இன்னும் ஜெபத்தில் பழகினால் வித்தியாசம் தெரியும் என்பதாம். மூன்று பரீட்சையும் வைத்துத் தேறியது என்று சொன்னவர் அவரே. குற்றம் மாத்திரம் அந்த அம்மாளுடையது! சரியாகக் கேட்கப் பழகவில்லையாம். அந்த அம்மாளும் அதை நம்பிக் கொண்டு, தன் காதையே நொந்து கொண்டு படுத்திருக்கிறார். உடம்பு நோயை விட இது நமக்கு அதிக வருத்தத்தைத் தந்தது.

"சத்துரு வந்து எங்க அய்யா குரல்ல பேசுவானாங்க?" என்று அந்த அம்மாள் நம்மைக் கேட்டார். நாம், "உங்கள் அய்யா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் அம்மா?" என்று திருப்பிக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவுகளுக்கு ஆசுபத்திரின்னாலே ஆகாது. காய்ச்சல்னு படுத்தாக்கூட, ஒண்ணுமில்லத்தா, சரியாப் போச்சு, எந்திரின்னுதான் சொல்லுவாக" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமலும் வந்து விட்டது.

தம்பி தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார். அன்றைய மாத்திரையை எண்ணிக் கையில் வைத்துக் கொண்டு, அக்காள் விழுங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். மலைக்குப் போவதை விட்டு விட்டு, சின்னமனூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், மருந்து முடிகிற வரைக்கும் தினம் இப்படியே நிற்கப் போவதாகவும் நம்மிடம் சொன்னார்.